மதிப்பெண்ணும் தராசும்
உயர்கல்விச் சேர்க்கை பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

 

ஆண்டுதோறும் மே மாதத்தில், ப்ளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும், ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம்மைச் சந்திக்க வருவோரின் கைகளில் மதிப்பெண் பட்டியல்களைக் காண்கிறோம். சிலர் துஆ கேட்டு வருவர். சிலர் எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று ஆலோசனை கேட்டு வருவர். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த ஒரு தகப்பனார், மனக்கசப்போடு நம்முன் அமர்ந்தார். அவருடைய மகள் 600க்கு 542 மதிப்பெண் பெற்றிருந்தாள். அதே தெருவில் வசிக்கும் மற்றொரு பையன் பெற்றதோ 496. பொறியியல் தரவரிசைப் பட்டியல் வந்தபோது பையனின் பெயர் முன்னே இருந்தது. பெண்ணின் பெயர் வெகு பின்னே இருந்தது. "ஹஜ்ரத், 46 மார்க் அதிகம் வாங்கிய பிள்ளை எப்படிப் பின்னால் போகும்? எங்கேயோ பணம் விளையாடியிருக்கிறது" என்றார் அவர்.

அவருக்குச் சொல்ல அன்று நம்மிடம் பதில் இல்லை. மதரஸாவில் ஓதிய நாம் ஸனதுச் சான்றிதழ் பெற்றவர்களே அன்றி, கட்-ஆஃப் கணக்கு அறிந்தவர்கள் அல்லர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இரு பட்டியல்களையும் கொண்டு சென்று காட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. பணம் எங்கும் விளையாடவில்லை. பள்ளி தந்த மதிப்பெண்ணைக் கல்லூரி அப்படியே ஏற்பதில்லை. தன்னுடைய தராசில் மறுபடியும் நிறுத்துப் பார்க்கிறது. அந்தத் தராசு நேற்று வந்ததன்று; அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அதை நம் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் நோக்கத்தில் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரே பட்டியல், இரு எடைகள்

முதலில் அவ்விரு பிள்ளைகளின் கணக்கையே பார்ப்போம். பையனின் மதிப்பெண்கள்: தமிழ் 80, ஆங்கிலம் 75, கணிதம் 92, இயற்பியல் 80, வேதியியல் 84, கணினி அறிவியல் 85. பெண்ணின் மதிப்பெண்கள்: தமிழ் 96, ஆங்கிலம் 94, கணிதம் 78, இயற்பியல் 88, வேதியியல் 90, கணினி அறிவியல் 96.

தமிழகத்தில் பொறியியல் சேர்க்கைக்கு மொழிப்பாடங்கள் கணக்கில் வாரா. கணிதம் 100க்கு முழுமையாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்பட்டு 50க்கு 50க்கு எனவும், ஆக 200க்குக் கணக்கிடப்படுகின்றன. அதன்படி பையனுக்கு 92, 40, 42 சேர்ந்து 174. பெண்ணுக்கு 78, 44, 45 சேர்ந்து 167. தரவரிசையில் ஒரு மதிப்பெண்ணின் பின்னத்திலேயே பல நூறு பேர் நிற்கும்போது, 7 மதிப்பெண் என்பது பெரிய இடைவெளி. 46 முன்னே நின்ற பிள்ளை 7 பின்னே போனதற்கு இதுவே காரணம்.

ஆனால் இவ்விருவரும் அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்.சி. படிப்புக்கு விண்ணப்பித்திருந்தால் நிலை மாறியிருக்கும். அங்கே மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் மதிப்பெண்ணும் 400க்குச் சமமாகக் கூட்டப்படும். அந்தத் தராசில் பெண்ணுக்கு 352; பையனுக்கு 341. அதே தேர்வு, அதே பட்டியல். ஆனால் முன்னவர் பின்னவராகிறார். தமிழ் இலக்கியம் படிக்க விரும்புவோருக்கோ தமிழ்ப்பாட மதிப்பெண்ணே பிரதானம். ஆகவே ஒரு மதிப்பெண்ணின் மதிப்பு, அது எந்த வாசலில் காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

1950 முதல் நேர்முகத் தேர்வுக் காலம் வரை

இவ்வாறு பாடங்களைத் தெரிந்தெடுத்து மறுகணக்கிடும் வழக்கம் சென்னை மாகாணக் காலத்திலேயே இருந்தது. 1950ஆம் ஆண்டில் கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கேட்டு வழக்குத் தொடுத்த சீனிவாசன் என்னும் மாணவர், இண்டர்மீடியட் தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய விருப்பப் பாடங்களில் 450க்கு 369 பெற்றிருந்ததையே தம் தகுதியாகக் காட்டினார். மொழிப்பாட மதிப்பெண் அங்கும் தராசில் ஏறவில்லை.

அன்று மதிப்பெண்ணோடு வகுப்புவாரி ஆணையும் சேர்ந்தே இடங்களைத் தீர்மானித்தது. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறிஸ்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது அவ்வாணையின் கணக்கு. சீனிவாசனும் செண்பகம் துரைராஜன் என்னும் பெண்மணியும் தொடுத்த வழக்குகளில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதது என்றது. சென்னை மாகாணத்தில் எழுந்த கிளர்ச்சியின் பின், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் தரப்பட்டது. கல்லூரிச் சேர்க்கைத் தராசு நாட்டின் அரசியல் சட்டத்தையே அசைத்த வரலாறு இது.

அதன்பின் வந்தது நேர்முகத் தேர்வின் காலம். மதிப்பெண் ஒருபுறம் இருக்க, தேர்வுக் குழுவினர் மாணவரை நேரில் கண்டு தரும் மதிப்பெண் மறுபுறம் சேர்க்கப்பட்டது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பாக 1970இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெரியகருப்பன் வழக்கில், பாட மதிப்பெண் 200க்கும் நேர்முகத் தேர்வு 75க்கும் கணக்கிடப்பட்டதைக் காண்கிறோம். அந்நேர்முகத் தேர்வு நடந்த விதத்தில் நீதிமன்றம் குறை கண்டது. பின்னர் காஷ்மீரத்தின் ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், 1980 நவம்பரில், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்குவது அநீதி என்றும், அது 15 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறிற்று. இரண்டு மூன்று நிமிடம் பேசிப் பார்த்து ஒரு பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கலாகாது என்பதே இதன் சாரம்.

நம் போன்ற மலையோரப் பகுதியினர் கவனிக்க வேண்டிய மற்றொரு தீர்ப்பும் உண்டு. மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்ட சென்னை மாநில அரசின் விதியை, ராஜேந்திரன் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு மாவட்டத்தில் அதிக மதிப்பெண் பெற்றவர் இடமின்றி நிற்க, மற்றொரு மாவட்டத்தில் குறைந்தவர் இடம் பெறுவது சமத்துவத்திற்கு முரண் என்பது நீதிமன்றத்தின் வாதம். பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்குத் தனி எடைக்கல் வைக்கும் வழி அவ்வாறு அடைபட்டது.

நுழைவுத் தேர்வின் 22 ஆண்டுகள்

1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கி, 1980இல் முதல் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். அவர்களின் ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. பின்னாளில் நிலைத்த முறைப்படி, ப்ளஸ் டூ மதிப்பெண் 200க்குச் சுருக்கப்பட்டு, நுழைவுத் தேர்வின் 100 அதனோடு சேர்ந்து 300க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்பட்டது.

நேர்முகத் தேர்வில் செல்வாக்கு நுழைந்துவிடும் என்னும் அச்சம் இதனால் நீங்கியது உண்மையே. ஆனால் நகரங்களில் பயிற்சி மையங்கள் பெருகின. பணம் கட்டிப் பயிற்சி பெற்ற பிள்ளை ஒருபுறமும், அஞ்செட்டிக் காட்டுப் பாதையில் பேருந்துக்குக் காத்திருந்த பிள்ளை மறுபுறமும் ஒரே தாளை எழுதினர். தாள் ஒன்று, அதற்கான ஆயத்தமோ ஒன்றன்று.

2005இலும் 2006இன் தொடக்கத்திலும் ஜெயலலிதா அவர்களின் அரசு இத்தேர்வை நீக்க எடுத்த முயற்சிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. வெவ்வேறு வாரியங்களில் படித்தோரை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் வேண்டாமா என்னும் கேள்வியே தடையாக நின்றது. 2006இல் பொறுப்பேற்ற கருணாநிதி அவர்களின் அரசு, கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அக்கேள்விக்கு விடையையும் சேர்த்துச் சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தை உயர் நீதிமன்றமும் ஏற்றது. நுழைவுத் தேர்வின் காலம் முடிந்தது.

எல்லையோரத்தாருக்கு உரிய பாடம்

அச்சட்டம் தந்த விடைக்கு மதிப்பெண் சமன்படுத்தல் என்று பெயர். நம்மூரிலிருந்து கர்நாடக எல்லை தொலைவில் இல்லை. பெங்களூரிலும் ஆனேக்கல் பக்கத்திலும் உறவினர் வீட்டில் தங்கி, கர்நாடகத்தின் பி.யூ.சி. படித்துத் திரும்பும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. ஓசூர்ப் பக்கம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிப்போரும் உண்டு. எனவே இக்கணக்கு நமக்கு மிகவும் வேண்டியது.

தமிழக வாரியத்தில் ஒரு பாடத்தில் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணும், மற்ற வாரியத்தில் அதே பாடத்தில் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணும் சமம் என்று கொள்ளப்படும். உதாரணமாக, இயற்பியலில் இங்கே முதல் மதிப்பெண் 100, அங்கே முதல் மதிப்பெண் 90 என்றால், அங்குள்ள 90 இங்கே 100 ஆகும். அங்கே 60 பெற்ற மாணவருக்கு இங்கே 66.66 என்று கணக்கிடப்படும்.

இதன் நியாயத்தை ஏற்கும் அதே வேளையில் இதன் குறையையும் சொல்ல வேண்டும். இந்த முறை மலையின் உச்சியை மட்டும் பார்க்கிறது, சரிவைப் பார்ப்பதில்லை. ஒரு வாரியத்தின் வினாத்தாள் எவ்வளவு கடினமாயினும், அங்கே ஒரே ஒரு மாணவர் 100 எடுத்துவிட்டால் ஏனைய மாணவர் எவருக்கும் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. எனவே "வெளி மாநிலப் படிப்பு என்றால் மார்க்கைக் கூட்டிக் கொடுப்பார்கள்" என்று நம்பி இருப்பதும், "வெட்டிவிடுவார்கள்" என்று அஞ்சுவதும், இரண்டுமே தவறு.

வெளி மாநிலத்தில் படித்தோர் மறக்கலாகாத மற்றொன்று பிறப்பிடச் சான்றிதழ். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழகத்திலேயே படித்தோருக்குப் பொறியியல் கலந்தாய்வில் அது தேவையில்லை. எல்லை தாண்டிப் படித்தோருக்கு அது கட்டாயம். மதிப்பெண் இருந்தும் தாள் இல்லாமல் நின்ற பிள்ளையின் கண்ணீரை நாம் கண்டிருக்கிறோம்.

கடலுக்கு அப்பால்

இத்தராசு நீதியின் பெயரால் தவறாகப் பிடிக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இலங்கை சாட்சி. 1971இல் அங்கே பல்கலைக்கழகச் சேர்க்கையில் தேர்வெழுதிய மொழியை வைத்து வெவ்வேறு எல்லை மதிப்பெண் வகுக்கப்பட்டது. பொறியியலுக்கு 400க்குத் தமிழ் மொழி மாணவர் 250 பெற வேண்டியிருக்க, சிங்கள மொழி மாணவருக்கு 227 போதுமானதாக இருந்தது. தரப்படுத்தல் என்னும் சொல் அன்றுமுதல் ஈழத் தமிழரின் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதனால் யாழ்ப்பாணத்தார் இழந்தனர்; பின்தங்கிய தமிழ், முஸ்லிம் பகுதிகளுக்குச் சிறிது வாய்ப்புக் கிடைத்தது. பிற்காலத்தில், ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து ஒரு மாணவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதைக் கணக்கிடும் இசட் புள்ளி முறை அங்கே ஏற்பட்டது. உச்சியை மட்டுமன்றி முழுச் சரிவையும் அளக்கும் முறை அது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கலிபோர்னியா பல்கலைக்கழகம் பள்ளி தரும் மொத்தத் தரப்புள்ளியை அப்படியே கொள்வதில்லை. குறிப்பிட்ட பாடங்களை மட்டும், அதுவும் பத்தாம் பதினோராம் வகுப்புகளில் பெற்றதை மட்டும் எடுத்துத் தானே மறுகணக்கிடுகிறது. கடினமான உயர்நிலைப் பாடம் படித்தோருக்குக் கூடுதல் புள்ளி உண்டு. ஆனால் அத்தகைய பாடங்கள் இல்லாத பள்ளியின் பிள்ளை வெகுவாகப் பின்தங்காதிருக்க, எட்டுப் பருவங்களுக்கு மேல் அச்சலுகை இல்லை. வளம் மிக்க நாட்டிலும் ஏழைப் பள்ளியின் பிரச்சினை இருக்கத்தான் செய்கிறது.

2017உம் 2021உம்

2017இல் தமிழகத்தின் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வுக்கு மாறியது. அன்றுமுதல் மருத்துவத் தரவரிசையில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்கு எடையே இல்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா என்னும் கூலித் தொழிலாளியின் மகள் 1200க்கு 1176 பெற்றிருந்தார். பழைய தராசில் அவர் மருத்துவர். புதிய தராசில் அவருக்கு இடமில்லை. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளில் அப்பெண்ணை நாடு இழந்தது. இதை எழுதும்போது நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விழைகிறோம்: தராசுகள் மனிதர் செய்தவை, மாறக்கூடியவை. எந்தத் தராசும் ஓர் உயிரின் விலையைச் சொல்லாது. மதிப்பெண் குறைந்த பிள்ளையை வீட்டில் குத்திப் பேசாதீர்கள். அந்த நாளில் அதன் பக்கத்தில் அமருங்கள்.

கொரோனா காலத்தில், 2021இல், தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடும், பதினோராம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றிலிருந்து 30 விழுக்காடும் எடுத்து ப்ளஸ் டூ மதிப்பெண் உருவாக்கப்பட்டது. பத்தாம் வகுப்பு முடிந்த கதை என்று எண்ணியிருந்தோருக்கு அது மீண்டும் உயிர்பெற்று வந்தது. எழுதும் எந்தத் தேர்வும் வீணாவதில்லை என்பதற்கு இது ஒரு படிப்பினை.

நாம் செய்ய வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. குறையற்ற தராசு இதுவரை எவராலும் செய்யப்படவில்லை. ஆயினும் எந்தத் தராசு என்பதை முன்கூட்டியே அறிந்தவர் பிழைத்துக்கொள்கிறார். முடிவு வந்தபின் அறிந்தவர் ஏமாந்தோம் என்று புலம்புகிறார். வசதியுள்ள வீடுகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே இக்கணக்கு பேசப்படுகிறது. நம் வீடுகளில் மே மாதத்தில்தான் பேசப்படுகிறது. நம் பிள்ளைகள் இழக்கும் இடங்களில் ஒரு பகுதி மதிப்பெண்ணால் இழந்தவை அல்ல, அறியாமையால் இழந்தவை.

உரிமைகளும் உள்ளன. 2007 செப்டம்பரில், பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. தக்கினி, ஷேக், சையத், லெப்பை உள்ளிட்ட ஏழு பிரிவுகள் அப்பட்டியலில் உள்ளன. சாதிச் சான்றிதழில் அப்பிரிவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்கல்விகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் முன், எதை இழக்கிறோம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் ஜமாஅத்தின் தராசையும் சற்றுத் திருத்த வேண்டும். ஆண்டு விழாவில் மொத்த மதிப்பெண் அதிகம் பெற்றோருக்கே பரிசளித்து வருகிறோம். அதனால் மொத்தமே யாவும் என்னும் எண்ணத்தை நாமே வளர்த்துவிட்டோம். இவ்வாண்டு முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளையும் பெற்றோரையும் பள்ளிவாசலில் அமர்த்தி, எந்தப் படிப்புக்கு எந்தக் கணக்கு என்பதை அறிந்தோரைக் கொண்டு விளக்கச் செய்யலாம் என்று நிர்வாகக் குழுவினரிடம் முன்வைக்கிறோம். பெண் பிள்ளைகளின் தாய்மார்களும் அதில் கலந்துகொள்ள இடவசதி செய்ய வேண்டும்.

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் தொடங்குவதை நாம் அறிவோம். தராசைப் பிடிப்பவர் மீதுள்ள கடமை அது. நிறுக்கப்படுபவர் மீதும் ஒரு கடமை உண்டு. எந்தப் படிக்கல் வைக்கப்படுகிறது என்று கண் திறந்து பார்ப்பதே அது.

முதலில் சொன்ன அந்தப் பெண், நாம் கணக்கை விளக்கியதும், அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். அல்ஹம்துலில்லாஹ், கணினி அறிவியலில் இடம் கிடைத்தது. அவளுடைய தகப்பனார் பின்னொரு நாள் வந்து, "ஹஜ்ரத், யார் மீதோ வீண்பழி சுமத்திவிட்டேன், தவ்பா செய்கிறேன்" என்றார். பிறகு தயங்கியபடி இன்னொன்றும் கேட்டார்: "இரண்டாவது மகள் இப்போது எட்டாம் வகுப்பு. அவளுக்கு இந்தக் கணக்கை எப்போது சொல்லட்டும்?"

இன்றைக்கே சொல்லுங்கள் என்றோம்.